ரைஃபிளுக்கு லேமினேட் கட்டையா? காசு கொடுக்கும் முன் திருகைக் கழற்றி உள்ளே பாருங்கள்

எங்கள் ஊர் பாம்பன். மகள் ஒன்பதாம் வகுப்பு, இரண்டு வருடமாகப் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள், சனி ஞாயிறு ராமநாதபுரத்தில் பயிற்சி. பழைய ரைஃபிளின் கட்டை, அதாவது இரும்பைத் தாங்கித் தோளில் பதியும் மரப் பகுதி, பீச் மரம், கைப்பிடிக்கு மேலே விரிசல் விட்டுவிட்டது. அதற்கு மாற்றாகத்தான் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் லேமினேட் மரக் கட்டைக்குச் சொன்னேன். 18,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. தொண்டிப் பக்கம் இன்னும் இரண்டு பேர் இதே மாதிரிக் கட்டையை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

லேமினேட் மரமே மோசம் என்று சொல்ல வரவில்லை. மெல்லிய மர ஏடுகளுக்குச் சாயம் ஏற்றி, பசை தடவி, அழுத்தி ஒட்டி, அப்புறம் கடைந்து எடுப்பது அது. ஒரே மரத்தில் செய்த கட்டை ஈரம் குடித்தால் முறுக்கிக்கொள்ளும். இதில் ஒரு ஏடு இழுத்தால் பக்கத்து ஏடு பிடித்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் மவுசர் 98கே ரைஃபிளுக்கே இதைத்தான் பெருமளவில் போட்டார்கள். குறை என்றால் எடை. எங்களுக்கு வந்தது பழையதைவிட 600 கிராம் கூட. போட்டி விதிப்படி ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம், அதில் சிக்கல் இல்லை, ஆனால் பதினாலு வயதுப் பிள்ளை அறுபது ரவுண்டும் அதைத் தூக்கி நின்றாக வேண்டுமே. விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வந்த அன்று பார்க்க அழகாக இருந்தது, சாம்பலும் காவியும் வரிவரியாக, மேலே கண்ணாடி மாதிரி வார்னிஷ். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று ஆரம்பித்ததும்தான் வினை. நேற்றுப் பத்தில் விழுந்த குண்டு இன்று இடப்பக்கம் கீழே எட்டில் விழுகிறது. பத்து மீட்டர் அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி, ஒவ்வொரு வளையமும் இரண்டரை மில்லிமீட்டர்தான், ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தால் இரண்டு மதிப்பெண் போச்சு. குறி பார்க்கும் சைட்டைத் திருப்பினோம், மறுவாரம் வேறு பக்கம் போனது. பிள்ளை தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்து ஒரு மாதம் அழுதாள். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

கடைசியில் ஆலன் கீயை எடுத்துக் கட்டையைக் கழற்றினேன். இரும்பு உட்காரும் பள்ளம் முழுக்க வெறும் மரம். ஒரு கோட் வார்னிஷ்கூட இல்லை, வெளியே மட்டும்தான் பளபளப்பு. திருகு போகும் துளையில் அலுமினியக் குழாய் இல்லை, வெறும் மரத்தின் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள், மரம் நசுங்கி அமுங்கிவிட்டது. பின் துளை ஓரத்தில் நகத்தை வைத்தேன், ஏடு தூக்கிக்கொண்டு வந்தது.

வத்தை (நாட்டுப்படகு) கட்டும் ஆசாரி ஒருவரிடம் கொண்டு போனேன். தோளில் பதியும் பட் முனையில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்து, டீ போடும் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுப் போட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நனைந்த நோட்டு மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து, சாயம் தண்ணீரில் இறங்கியது. “தம்பி, இது வீட்டுக்குள்ள வைக்கிற மேசைக்குப் போடுற பசை. கடல் ஓரத்துக்கு ஆகாது” என்றார். ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரத்தில் 72 மணி நேரம் கொதிக்க வைத்துத்தான் சோதிப்பார்கள்.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். “கடற்கரையில் வைத்தது உங்கள் தப்பு, திருகைக் கழற்றியதால் வாரண்டி கிடையாது” என்று பதில் வந்தது. முகவரியில் பாம்பன் என்று எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினேன். அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், என்ன பசை என்று எழுத்தில் கேளுங்கள். எபாக்சி அல்லது பீனால் பசை என்றால் சரி, யூரியா பசை என்றால் வேண்டாம். ஏடுகளுக்குச் சாயம் போட்டிருப்பதால் கண்ணால் பார்த்துப் பசையைக் கண்டுபிடிக்க முடியாது, கடைசலில் கழிந்த துண்டு ஒன்றை அனுப்பச் சொல்லி நீங்களே கொதிக்க வையுங்கள், நல்ல பசை போட்டவர் தயங்காமல் அனுப்புவார். பள்ளத்துக்குள்ளும் பட் தகட்டுக்கு அடியிலும் வார்னிஷ் இருக்கிறதா என்று படம் கேளுங்கள், ஈரம் நுழைவது அந்த வெட்டுவாய் வழியாகத்தான். எடையையும் கிராமில் கேட்டுவிடுங்கள்.

பழைய பீச் கட்டையின் விரிசலை அதே ஆசாரி எபாக்சி விட்டு இறுக்கிக் கொடுத்தார், கூலி 400 ரூபாய். மகள் இப்போது அதில்தான் சுடுகிறாள். பிரிந்த துண்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், நேரில் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வந்தால் காட்டுகிறேன்.