கலப்பையா, கோடரியா: நியூ ஐஸ்லாந்துக் குடியேறிகளின் இரு பிழைப்புகள்

1875 அக்டோபரில் கனடாவின் வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில், இன்றைய கிம்லி ஊருக்கு அருகே இறங்கி, நியூ ஐஸ்லாந்து என்ற குடியேற்றத்தை அமைத்த ஐஸ்லாந்தியர்களுக்கு, பிழைப்பு தேட இருந்த வழிகளுள் உழவும் சாலை வேலையும் இரண்டு.

1872ஆம் ஆண்டின் டொமினியன் நிலச் சட்டப்படி, 10 டாலர் கட்டணத்தில் 160 ஏக்கர் கிடைத்தது. ஆனால் மூன்று ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பண்படுத்தினால்தான் உரிமை. மரம் அரிதான தீவில் ஆடு வளர்த்தும் வைக்கோலுக்குப் புல் அறுத்தும் பழகியவர்களுக்குக் காடு திருத்துவதே புதுத் தொழில். அதனால் தொடக்க ஆண்டுகளில் நிலம் தந்ததைவிடக் கேட்டதே அதிகம்.

சாலை வேலையோ உடனே காசு தந்தது. அரசுப் பணத்தில் குடியேறிகளே கூலிக்கு உழைத்துக் குடியேற்றச் சாலையை அமைத்தார்கள். மரம் வெட்டி, வேர் பிடுங்கி, சதுப்பு நிலங்களில் கட்டைகளைக் குறுக்கே அடுக்கிப் பாதை போடுவது கடும் உழைப்பு. 1876-77 குளிர்காலத்தில் பெரியம்மை பரவிப் பல குடும்பங்கள் உயிர்களை இழந்த அச்சூழலில், கூலியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

என் கணிப்பில், உடனடிப் பசிக்குச் சாலை வேலையே சிறந்தது. நில உரிமைக்கோ உழவைத் தவிர வேறு வழியில்லை. எனினும் இரண்டும் முற்றிலும் தனித்தனியல்ல: பாதையின்றி விளைச்சல் சந்தைக்குப் போகாது. 1880இன் வெள்ளத்தைக் கண்டு பலர் இரண்டையும் விட்டு அமெரிக்காவின் டகோட்டாவுக்குப் போனார்கள்.