அட்டாரி ஜாய்ஸ்டிக்குக்கு உதிரிபாகம்: பழையதில் கழற்றியதா, புதிதாகச் செய்ததா?

அமெரிக்காவில் 1977இல் விற்பனைக்கு வந்து, பின்னாளில் அட்டாரி 2600 என்று பெயர் பெற்ற வீடியோ விளையாட்டுக் கருவியுடன் முதலில் வந்த ஜாய்ஸ்டிக்கின் எண் சிஎக்ஸ்10. அடுத்த ஆண்டிலேயே அதன் இடத்தைப் பிடித்ததுதான், கறுப்புச் சதுரப் பெட்டியும் ஒரே ஒரு சிவப்புப் பொத்தானும் கொண்டதாக இன்று எல்லோருக்கும் நினைவிலிருக்கும் சிஎக்ஸ்40. அதன் ஒன்பது ஊசிச் செருகியைக் கமடோர் 64, அமிகா போன்ற கணினிகளும் ஏற்றுக்கொண்டதால், இந்த ஜாய்ஸ்டிக்கைத் தேடுபவர்கள் அட்டாரி வைத்திருப்பவர்கள் மட்டுமல்லர். பழுதான ஒன்றைச் சரிசெய்ய விரும்புகிறவருக்கு இன்று நான்கு வழிகள் உள்ளன: இருப்பதையே துடைத்துச் சீராக்கலாம், இன்னொரு பழைய ஜாய்ஸ்டிக்கை வாங்கி அதன் பாகங்களைக் கழற்றிக்கொள்ளலாம், இப்போது புதிதாகத் தயாரிக்கப்படும் பாகங்களை வாங்கலாம், இவை எதுவும் வேண்டாமென்று முழு ஜாய்ஸ்டிக்கையே மாற்றிவிடலாம். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

அடியிலுள்ள நான்கு திருகுகளைக் கழற்றினால் உள்ளே இருப்பது வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. ஒரு சிறிய மின்சுற்றுப் பலகை, அதன்மேல் ஒட்டுநாடாவால் பிடித்துவைக்கப்பட்ட ஐந்து உலோகக் குமிழ்கள், பொத்தானுக்குக் கீழே ஒரு ஸ்பிரிங், ரப்பர் உறைக்குள் நிற்கும் கெட்டி பிளாஸ்டிக் தண்டு, ஆறு கம்பிகள் கொண்ட வடம், அவ்வளவுதான். தண்டைச் சாய்த்தால் அதன் அடிப்பகுதி ஒரு குமிழை அழுத்தும். குமிழ் உட்குழிந்து அந்தத் திசைக்கான கம்பியைத் தரைக்கம்பியோடு இணைக்கும். கருவி அதைத் திசையாகப் படித்துக்கொள்ளும். விட்டவுடன் தண்டை நடுவுக்குக் கொண்டுவரும் வேலையை இங்கே எந்த ஸ்பிரிங்கும் செய்வதில்லை, அந்த ரப்பர் உறையே செய்கிறது. பாகங்களைத் தேடும்போது மறக்கக் கூடாத செய்தி இது. அடிக்கடி கெட்டுப்போகும் பாகங்கள் வேறு, கையில் பிடித்தால் ‘இது அட்டாரி’ என்று உணரவைக்கும் பாகம் வேறு.

பலகையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலான புகார்களுக்கு அதுவே காரணம். ஒரு திசை மட்டும் வேலை செய்யவில்லை, அல்லது பலமாக அழுத்தினால்தான் வேலை செய்கிறது என்றால், குமிழுக்கும் செப்புத் தடத்துக்கும் இடையே அழுக்கோ துருவோ சேர்ந்திருக்கும், இல்லையேல் ஒட்டுநாடாவின் பசை காய்ந்து குமிழ் இடம் நகர்ந்திருக்கும். துடைத்துச் சரிசெய்யும் வழி ஏறத்தாழச் செலவில்லாதது: நாடாவை உரித்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் தடத்தையும் குமிழின் உட்புறத்தையும் துடைத்து, பிடிவாதமான கறையைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, புது நாடா ஒட்டினால் போதும். உப்புத்தாளைக் கையில் எடுக்காதிருப்பது நல்லது; மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த துரு இன்னும் விரைவாக வரும். இதன் குறை, குமிழ் தன் விறைப்பை இழந்திருந்தால் எவ்வளவு துடைத்தும் பயன் இருக்காது என்பதே. துடைத்த பலகை சில மாதங்கள் ஒழுங்காக உழைத்துவிட்டு மறுபடி மக்கர் செய்தால், மூன்றாம் முறையும் துடைப்பது வீண் வேலை.

பலகையைப் பொறுத்தவரை இன்னொரு பழைய ஜாய்ஸ்டிக்கைப் பிரிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி என்பது என் கருத்து. அதுவும் இதே வயதுடையது, இதே நாடா, இதே பசை. ‘சோதித்துப் பார்த்தது’ என்று விற்பவர் சொன்னாலும், அன்று வேலை செய்தது என்பதற்கு மேல் அதில் உறுதி எதுவும் இல்லை. மாறாக, புதிதாகத் தயாரிக்கப்படும் பலகைகள் இங்கே தெளிவாக முந்துகின்றன. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் நெடுங்காலமாக அட்டாரி உதிரிபாகங்களை விற்றுவரும் பெஸ்ட் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கடை, தொடர்புத் தடங்களில் தங்கப் பூச்சு கொண்ட சிஎக்ஸ்40 பலகையை விற்கிறது. தங்கம் துருப்பிடிக்காது என்பதால், பழைய பலகையின் அடிப்படை நோயே அங்கே நீங்கிவிடுகிறது. பழைய பலகை இருந்த இடத்திலேயே பொருந்துவதால் பெட்டியை வெட்டவோ துளைக்கவோ வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தும்போது ஏற்படும் உணர்வு பழையதைவிடச் சற்றுக் கெட்டியாகத் தோன்றலாம். ஆனால் நாற்பது ஆண்டுகள் அழுந்தித் தளர்ந்த குமிழோடு ஒப்பிட்டுத்தான் அப்படித் தோன்றுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் சிஎக்ஸ்10இன் உள்ளமைப்பு வேறு. அதில் திசைக்கொன்றாக ஸ்பிரிங்குகள் உண்டு. சிஎக்ஸ்40 பலகையை வாங்கி அதில் பொருத்த முயல்வதும், சிஎக்ஸ்10ஐப் பிரித்துச் சிஎக்ஸ்40ஐ உயிர்ப்பிக்க முயல்வதும் பண விரயம். சிஎக்ஸ்10 அரிதானது என்பதால், அதைப் பிரிப்பது பாவமும்கூட.

தண்டுக்கு வருவோம். ஆவேசமாக விளையாடிய கைகளில் அது உள்ளேயே, குமிழ்களை அழுத்தும் அடிப்பகுதியில் ஒடிந்துபோகும். வெளியே எதுவும் தெரியாமல், தண்டு மட்டும் தளர்ந்து ஆடும். ஒட்டுப்பசை இங்கே நிற்காது, ஏனென்றால் ஒடிந்த இடமே விசை முழுவதையும் தாங்கும் இடம். பழையதிலிருந்து கழற்றிய தண்டு சரியாகப் பொருந்தும், ஆனால் அதுவும் அதே இடத்தில் சோர்ந்திருக்கும். முப்பரிமாண அச்சில் எடுத்த தண்டு மலிவானது. ஆயினும் எதில், எப்படி அச்சிட்டார்கள் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. நிமிர்த்தி நிற்கவைத்து அச்சிட்டால் அடுக்குகள் தண்டுக்குக் குறுக்கே அமைகின்றன; பக்கவாட்டில் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் விசை அந்த அடுக்குகளைப் பிரிக்கவே பார்க்கிறது. படுக்கவைத்து அச்சிட்டால் அடுக்குகள் தண்டின் நீளவாக்கில் ஓடும், ஒடிவது அரிது. அச்சிடப் பயன்படும் பிளாஸ்டிக் வகைகளில் பிஎல்ஏ எளிதில் அச்சாகும், ஆனால் முறியும் தன்மையுடையது; பிஇடிஜி வளைந்துகொடுக்கும்; நைலான் இவற்றினும் உறுதி, ஆனால் வீட்டு இயந்திரத்தில் ஒழுங்காக அச்சிடுவது கடினம். முப்பரிமாண அச்சு இயந்திரம் கையருகே இருப்பவருக்குப் படுக்கவைத்த பிஇடிஜி நியாயமான தேர்வு. அச்சு வேலையில் பழக்கமில்லாதவர், அச்சிடாமல் வார்ப்பில் செய்த புதுத் தண்டு கிடைத்தால் சற்று விலை கூடினாலும் அதையே வாங்கலாம்.

ரப்பர் உறையில்தான் நிலைமை தலைகீழாகிறது. இங்கே பழையதுக்கு ஈடு இல்லை. புதிய உறைகளின் ரப்பர் சில வேளை மிகவும் இளகி இருக்கும், சில வேளை கட்டைவிரல் நோகுமளவுக்கு விறைப்பாக இருக்கும். தண்டை நடுவுக்கு இழுத்து நிறுத்தும் விசையே அந்த உறையிலிருந்து வருவதால், ரப்பரின் தன்மை சிறிது மாறினாலும் விளையாட்டின் பிடி மாறிவிடுகிறது. ஆகவே பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றை மலிவாக வாங்குவதாக இருந்தால், வேலை செய்கிறதா என்று பார்க்காமல், உறை வெடிக்காமல், மடிப்புகளில் பிளவில்லாமல், பிசுபிசுப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ‘வேலை செய்யவில்லை’ என்று குறைந்த விலைக்குப் போடப்படும் பொருள்களில் இத்தகைய நல்ல உறைகள் அடிக்கடி கிடைக்கும். விற்பவருக்கு அது குப்பை. நமக்கு வேண்டிய ஒரே பாகம் அதில் நலமாக இருக்கிறது.

வடத்தில் இரு பக்கமும் வாதமுண்டு. பெட்டியிலிருந்து வெளியேறும் இடத்தில்தான் அது பெரும்பாலும் அறும். சற்றுக் குட்டையானாலும் பரவாயில்லை என்றால், அறுந்த பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை மறுபடி இணைப்பதே சிக்கனம். கம்பிகளின் நிறம் அசல் வடத்தில் ஒழுங்கானது: வெள்ளை மேல், நீலம் கீழ், பச்சை இடம், பழுப்பு வலம், ஆரஞ்சு பொத்தான், கறுப்பு தரை. புது வடம் வேண்டுமென்றால் கணினிகளின் ஒன்பது ஊசிச் சீரியல் செருகியை வாங்கிப் பற்றவைக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதன் உறை அகலமானது, பக்கத் திருகுகளும் நீட்டிக்கொண்டிருக்கும், ஆகையால் 2600இன் உள்ளொடுங்கிய துளையில் அது முழுமையாக நுழையாது. சேகா மெகா டிரைவ் என்ற இன்னொரு விளையாட்டுக் கருவிக்கான நீட்டிப்பு வடம் பலருக்கும் கைகொடுக்கிறது. அதன் செருகி ஒடுக்கமானது. ஆனால் நிறங்களை நம்பக் கூடாது. மேல் 1, கீழ் 2, இடம் 3, வலம் 4, பொத்தான் 6, தரை 8 என்ற ஊசி எண்களை வைத்துக்கொண்டு, மின்தொடர்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். அட்டாரியின் சக்கரக் கட்டுப்பாட்டுக் கருவியான பேடிலிலிருந்து வடத்தைக் கழற்றலாமா என்று சிலர் நினைப்பதுண்டு. அதற்கு மேல், கீழ் திசைகளுக்கான கம்பிகளே தேவையில்லை, எனவே அந்த வடம் இங்கே உதவாது.

முழுவதையும் மாற்றிவிடுவது என்ற வழியை இறுதியாகப் பார்க்கலாம். அட்டாரி 2600+ என்ற புதிய கருவி 2023 நவம்பரில் வந்தபோது அதனுடன் வந்த சிஎக்ஸ்40+, பழைய 2600இலும் வேலை செய்கிறது. விளையாட மட்டும் வேண்டும், திருப்புளி எடுக்க மனமில்லை என்பவருக்கு இதைவிட எளிய விடை இல்லை. பிரித்தானியர்கள் விரும்பிய காம்பெடிஷன் புரோ போன்ற, குமிழ்களுக்குப் பதிலாக மைக்ரோசுவிட்ச் என்னும் சிறு சுவிட்சுகள் கொண்ட வகைகளில் பழுதுபார்ப்பு இன்னும் எளிது. அவற்றிலுள்ள சுவிட்சுகள் காசு போட்டு ஆடும் ஆர்கேடு கருவிகளிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படும் பொது அளவின. அளவும் விசையும் ஒத்துவந்தால் எங்கிருந்தும் வாங்கிப் போடலாம். விக்கோ நிறுவனத்தின் ஜாய்ஸ்டிக்குகளிலுள்ள தட்டைத் தகட்டுத் தொடர்புகளையோ குறடால் மெல்ல வளைத்தே சரிசெய்துவிடலாம். பழுதுபார்ப்பின் எளிமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவை இரண்டும் சிஎக்ஸ்40ஐத் தோற்கடித்துவிடும். ஆனால் மைக்ரோசுவிட்சின் ‘கிளிக்’ ஓசையும் குறைந்த சாய்வும், ரப்பரோடு மல்லுக்கட்டிப் பழகிய கைக்கு அந்நியமாகவே இருக்கும்.

நானே ஒரு கெட்டுப்போன சிஎக்ஸ்40ஐக் கையிலெடுத்தால் செய்யும் வரிசை இதுதான்: முதலில் மல்டிமீட்டரால் வடத்தைச் சோதிப்பேன், ஏனென்றால் வடத்தின் பழுதுக்குப் பலகையைப் பழிப்பதே மிகப் பரவலான தவறு. வடம் சரியென்றால் பலகையை ஒரே ஒரு முறை துடைத்துப் பார்ப்பேன். அதற்கும் மசியாவிட்டால் தங்கப் பூச்சுப் பலகையையும், தண்டு தளர்ந்திருந்தால் புதுத் தண்டையும் ஒரே பொதியில் வரவழைப்பேன். தனித்தனியாக வாங்கினால் அஞ்சல் செலவு பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். உறை மட்டும் வெடித்திருந்தால், யாரோ ஒருவர் ‘பழுது’ என்று எழுதிப் போட்டிருக்கும் இன்னொரு ஜாய்ஸ்டிக்கின் படத்தைப் பெரிதாக்கி, அதன் மடிப்புகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.