பூசணி வாங்கப் பண்ணைக்குப் போகலாமா, கடையிலேயே எடுத்துக்கொள்ளலாமா?

அக்டோபர் பிறந்துவிட்டால் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்களின் வாட்ஸப் குழுக்களில் தவறாமல் வரும் கேள்வி இது: "குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பூசணிப் பண்ணைக்குப் போகணும், எது நல்லா இருக்கும்?" பத்துப் பேர் பத்து இடம் சொல்வார்கள். பூசணி எதற்கு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஹாலோவீனுக்கு முகம் செதுக்கி வாசலில் வைக்கவா, சாம்பாரில் போடவா, இல்லை குழந்தையைப் பூசணிமேல் உட்காரவைத்து ஒரு போட்டோ எடுக்கவா? மூன்றுக்கும் போகவேண்டிய இடம் வேறு, எடுக்கவேண்டிய காய் வேறு.

முதலில் பண்ணைகள். இந்தப் பக்கத்தில் பூசணி என்றாலே ஹாஃப் மூன் பே தான். கடலோரக் குளிரும் மூடுபனியும் உள்ள சின்ன ஊர். அக்டோபர் நடுவில் அங்கே நடக்கும் எடைப்போட்டிக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ராட்சதப் பூசணிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். 2023-இல் மினசோட்டாக்காரர் டிராவிஸ் கீங்கர் கொண்டுவந்த காய் 2,749 பவுண்டு, அதாவது சுமார் 1,247 கிலோ. அன்றைக்கு அது உலக சாதனை. பார்க்க ஆச்சரியம்தான், ஆனால் அந்த ரகத்தை வாயில் வைக்க முடியாது. தண்ணியும் நாருமாக இருக்கும்.

அந்த ஊருக்குப் போவதில் பெரிய தொல்லை 92-ஆம் நெடுஞ்சாலை. மலைமேல் ஏறி இறங்கும் குறுகலான சாலை அது. அக்டோபர் சனி, ஞாயிறு பதினோரு மணிக்குக் கிளம்பினால் வண்டி நகராது, பின்சீட்டில் "இன்னும் எவ்ளோ நேரம்" மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எடைப்போட்டியை ஒட்டி வரும் திருவிழா வார இறுதியில் பூசணி வாங்கவென்று போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வாரநாள் மாலையில் போங்கள், இல்லாவிட்டால் காலை ஒன்பதுக்குள் அங்கே இருங்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கமிருந்து வருகிறவர்கள் பசிஃபிகா வழியாக 1-ஆம் நெடுஞ்சாலையில் வரலாம். 2013-இல் டாம் லாண்டோஸ் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்த வழி எவ்வளவோ தேவலை.

போன பிறகு இரண்டு விதமான இடங்களைப் பார்க்கலாம். லெமோஸ் பண்ணை மாதிரியான இடங்களில் குட்டி ரயில், குதிரைச் சவாரி, வைக்கோல் வண்டி எல்லாம் உண்டு. நாலைந்து வயதுக் குழந்தைக்கு அதுதான் சொர்க்கம். பூசணி அங்கே ஒரு சாக்கு மட்டுமே. டிக்கெட்டுக்குச் செலவழியும் பணத்தைப் பூசணி விலையோடு கூட்டிப் பார்த்தால் மனசு கஷ்டப்படும், பார்க்காதீர்கள். இன்னொரு விதம், 1-ஆம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஃபார்மர் ஜான்ஸ் போன்றவை. ரகங்களுக்குப் பேர்போன இடம். வெள்ளை, சாம்பல், சிவப்பு, கழலை கழலையாகப் புடைத்தது என்று வரிசையாகக் கிடக்கும். சமைக்கிற காய் தேடுகிறவர்கள் இந்த மாதிரிப் பண்ணைக்குத்தான் போகவேண்டும்.

இந்த இரண்டும் போக, ஊருக்குள்ளேயே காலி மனையில் வைக்கோலைப் பரப்பி ஆரஞ்சுக் காய்களை அடுக்கிவைக்கும் திடல்கள் உண்டு. "நீங்களே பறிக்கலாம்" என்று பலகைகூட இருக்கும். கீழே குனிந்து பாருங்கள். காய்ந்த கொடியும், வெள்ளைப் பொடி பூத்த இலையும், காயின் ஒரு பக்கம் மண் ஒட்டிய வெளிர்த் தழும்பும் இருந்தால் அது அங்கேயே விளைந்தது. வெறும் வைக்கோல் என்றால் லாரியில் வந்தது. கலிஃபோர்னியாவின் பூசணியில் பெரும்பங்கு ஸ்டாக்டன், மாண்டீகா பக்கத்து நிலங்களிலிருந்து வருகிறது. கடைவாசலில் பெரிய அட்டைப்பெட்டியில் கொட்டிவைக்கும் காயும் பெரும்பாலும் அதே ஜாதிதான். அதையே திடலில் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. போட்டோ வேண்டுமென்றால் சரி.

செதுக்க மட்டும்தான் என்றால் கடைப்பெட்டியே போதும். ஹவ்டன் போன்ற செதுக்கு ரகத்தில் பண்ணைக் காய்க்கும் கடைக் காய்க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, காம்பைத் தவிர. பெட்டியில் உருட்டி எடுத்து எடுத்துப் போடுவதில் பாதிக் காய்களுக்குக் காம்பு முறிந்திருக்கும். முறிந்த இடத்தில்தான் அழுகல் தொடங்கும். அதனால் பெட்டியை அடிவரை கிளறி, மூன்று நாலு அங்குலம் கெட்டியான பச்சைக் காம்போடு இருப்பதை எடுங்கள். தூக்கும்போது காம்பைப் பிடிக்காமல் அடியில் இரண்டு கையையும் கொடுங்கள். பண்ணையில் கொடியிலிருந்து அறுப்பதானாலும் திருகக்கூடாது. வெட்டுக்கத்தரி கேட்டு வாங்கி, நீளக் காம்பு விட்டு வெட்டவேண்டும்.

அடுத்தது நகச்சோதனை. கட்டைவிரல் நகத்தால் தோலை அழுத்துங்கள். நகம் இறங்கினால் இளசு, ஒரு வாரத்தில் சுருங்கும். இறங்காமல் வழுக்கினால் முற்றியது. காம்புக்கு எதிர்ப்பக்கம், பூ உதிர்ந்த இடத்தையும் விரலால் தடவிப் பார்க்கவேண்டும். அங்கே மெத்தென்று இருந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். செதுக்குவதற்கு அடி தட்டையாக, முகப்பக்கம் வழவழப்பாக, தட்டினால் உள்ளே வெற்றிடம் ஒலிக்கிற காய் வேண்டும். சமைப்பதற்கு அப்படியே நேர்மாறு: அளவுக்கு மீறிக் கனக்கவேண்டும். கனத்தால் உள்ளே சதை அதிகம் என்று அர்த்தம். வாசலில் வைத்து அழகு பார்த்துவிட்டு அப்புறம் கூட்டு செய்துகொள்ளலாம் என்று செதுக்கு ரகம் வாங்குகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுதாபங்கள். விதையை வறுத்துத் தின்னலாம், அவ்வளவுதான்.

சமையலுக்கு எது? பலரும் 'சுகர் பை' என்று எழுதிவைத்த சின்ன ஆரஞ்சுக் காயை எடுத்துக்கொண்டு வருவார்கள். மோசமில்லை, இனிப்பு இருக்கும். ஆனால் நம் பரங்கிக்காயின் வாசனை வராது. சிண்டரெல்லா என்கிற சிவந்த, தட்டையான ஃபிரெஞ்சு ரகம் கண்ணைப் பறிக்கும், வெந்தால் குழைந்துவிடும். பால்கூட்டுக்குச் சரி, சாம்பாரில் தேடினாலும் கிடைக்காது. கபோச்சா என்கிற பச்சைத்தோல் ஜப்பான் காய் மாவுமாவாக இருக்கும். தோலோடு பொரியல் செய்ய அதை விட்டால் ஆளில்லை. நீலச்சாம்பல் தோல் ஜாராடேல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நாரே இருக்காது, அல்வாவுக்குத் துருவ வசதி.

என் ஓட்டு 'லாங் ஐலண்ட் சீஸ்' ரகத்துக்கு. சந்தன நிறத் தோல், உள்ளே அடர்ந்த ஆரஞ்சுச் சதை. பார்க்க மங்கலாக இருப்பதால் கூட்டம் அதைத் தாண்டிப் போய்விடும், உங்களுக்கு நல்லதுதான். நம் ஊர்ப் பரங்கி பெரும்பாலும் சேரும் மோஸ்காட்டா இனமே இதுவும். புளிக்குழம்பில் துண்டு உடையாது. பெயர்ப்பலகை இல்லாத குவியலில் இந்த இனத்தைக் கண்டுபிடிக்கக் காம்பைப் பாருங்கள்: காயோடு சேருமிடத்தில் பாவாடை மாதிரி விரிந்து ஒட்டியிருக்கும். செதுக்கு ரகத்தில் அந்த விரிப்பு இருக்காது, சிண்டரெல்லா வகையிலோ காம்பு உருண்டையாகத் தக்கைபோல இருக்கும். அமெரிக்கர்கள் 'பை' (pie) என்கிற இனிப்புப் பண்டம் செய்ய வாங்கும் லிபீஸ் கம்பெனி டப்பாப் பூசணியும் இதே இனம்தான். இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் ஊர் ஆலையில் டப்பாவில் அடைக்கிறார்கள். படத்தில் போடுவது ஆரஞ்சுப் பூசணி, உள்ளே இருப்பது சந்தனத்தோல்காரன்.

எப்போது போவது என்பதிலும் இதே பிரிவு உண்டு. சமையல் ரகத்துக்கு அக்டோபர் முதல் பத்து நாள் சிறந்தது, குவியல் அப்போதுதான் முழுசாக இருக்கும். செதுக்கு ரகத்தை அவ்வளவு சீக்கிரம் வாங்கி வெயில் விழும் வாசலில் வைத்தால் ஹாலோவீனுக்குள் முகம் தொங்கிவிடும். மாதக் கடைசியில் வாங்கி, 31-க்கு இரண்டு மூன்று நாள் முன்னால் செதுக்கினால் போதும். நவம்பர் பிறந்ததும் கடைகளில் மீந்ததைத் தள்ளுபடியில் தள்ளுவார்கள். அதில் கபோச்சாவோ சுகர் பையோ கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் மண்ணைத் துடைத்து, ஈரம் காயவைத்து, வெறும் சிமெண்ட் தரையில் வைக்காமல் அட்டைமேல் வையுங்கள். ஒன்றோடொன்று உரசக்கூடாது. 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி பூசணிக்குப் பிடித்தது, ஃபிரிட்ஜ் அதற்கு அதிகக் குளிர். வளைகுடாப் பகுதியில் நவம்பர் தாண்டிவிட்டால் கராஜ் ஏறக்குறைய அந்தக் கணக்குக்கு வந்துவிடும். காம்பு முறியாத, நகம் இறங்காத சந்தனத்தோல் காய் ஒன்றை அங்கே வைத்து வாரம் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டால் தைப்பொங்கல் குழம்புக்கு அதையே வெட்டலாம். ஜனவரியில் இந்தியக் கடையில் பிளாஸ்டிக் சுற்றிய பரங்கித் துண்டுக்கு என்ன விலை சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.