கும்பகோணம் சேதி எங்கள் பேப்பரில் வராது: முப்பது வருடப் பேப்பர் அனுபவம்

காலை ஐந்தேகால் மணிக்கு எங்கள் கடை வாசலில் நாலு பேப்பர் விழும். தமிழ் இரண்டு, ஆங்கிலம் ஒன்று, அப்புறம் அம்மாவுக்கு ஒன்று. அதுவும் தமிழ்தான், ஆனால் அவர் பார்த்து முடிக்கும் வரை வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்பதால் அதற்குத் தனிக்கணக்கு. வலங்கைமானில் உரக்கடை வைத்திருக்கிறேன், கொஞ்சம் நிலமும் உண்டு. 1992-ல் அப்பாவிடமிருந்து கடைக்கணக்கை வாங்கினேன், கூடவே பேப்பர் பாக்கியும் என் தலையில் வந்தது. அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் படிக்கிறேன், பொங்கலுக்கும் ஆயுத பூசைக்கும் மறுநாள் பேப்பர் வராத நாட்கள் நீங்கலாக. "எல்லாம்தான் போனில் வருதே, எதுக்கு நாலு பேப்பர்?" என்று கடைக்கு வருகிற பையன்கள் கேட்கிறார்கள். நின்று பதில் சொல்ல நேரமில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் பார்ப்பது தலைப்புச் செய்தி இல்லை. மேட்டூர் அணையின் நிலவரம் போடுகிற பெட்டி. டெல்டாவில் பேப்பர் பிரிக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் தேடுவது அதைத்தான் என்பேன். நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி), வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. நாலே வரி. முழு மட்டம் 120 அடி, அப்போது இருப்பு 93.47 டிஎம்சி, இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் மனப்பாடம். அப்பா ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார்: நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. தோராயமாகப் பன்னிரண்டாயிரம் என்று வைத்துக்கொள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள், அங்கிருந்து நம் வாய்க்காலுக்கு எப்போது என்பது உன் அதிர்ஷ்டம். இந்தக் கணக்கை வைத்துத்தான் இன்றும் டிஏபி உரம் எத்தனை மூட்டை இறக்குவது என்று முடிவு செய்கிறேன். ஜூன் 12 திறப்பு என்று பேர்தான், 2012-லிருந்து 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதிக்குத் திறக்கவே இல்லை. 2022-ல் மே 24-க்கே திறந்தார்கள். இரண்டுக்கும் நான் தயாராக இருந்தேன் என்றால் காரணம் அந்த நாலு வரிதான், வேளாண் ஆலோசகர் யாரும் இல்லை.

சரி, பேப்பர்களுக்கு வருவோம்.

டீக்கடையில் தினத்தந்தி, எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து தினமணி, பக்கத்து மளிகைக்கடையில் தினமலர், அப்புறம் தினகரன் என்று தெருவே ஒரு நூலகமாக இருந்தது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்வோம். தினத்தந்தியின் மொழி ஏன் அப்படி இருக்கிறது என்று சின்ன வயதில் கிண்டல் செய்திருக்கிறேன். 1942-ல் ஆதித்தனார் மதுரையில் அதை ஆரம்பித்தபோதே, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. எங்கள் வயலில் நாற்று பறித்த பெரியவர் ஒருவர் பள்ளிக்கூடமே போனதில்லை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெரிய எழுத்துத் தலைப்புகளைப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டார். அப்புறம் நான் கிண்டல் செய்யவில்லை. தினமணி வேறு ரகம். 1934-ல் பாரதியின் நினைவு நாளான செப்டம்பர் 11 அன்று தொடங்கிய பேப்பர், தலையங்கத்தை அப்பா சத்தமாகப் படிப்பார், நாங்கள் கேட்கிறோமா இல்லையா என்பது பற்றி அவருக்குக் கவலை இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. தமிழ்ப் பத்திரிகைக்கு விதை போட்டவர்களில் பாதிப்பேர் இந்த ஆற்றங்கரைக்காரர்கள். 1878-ல் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்து 'தி இந்து'வை ஆரம்பித்த ஆறு இளைஞர்களில் முக்கியமானவர் ஜி. சுப்பிரமணிய ஐயர், திருவையாற்றுக்காரர். 1882-ல் சுதேசமித்திரனைத் தொடங்கியவரும் அவரே, அது 1899-ல் நாளிதழ் ஆனது. முரசொலி 1942-ல் திருவாரூரில் கருணாநிதி துண்டறிக்கையாகத் தொடங்கியது. ஆனந்த விகடன் வாசன் திருத்துறைப்பூண்டி. ஆனால் எல்லாம் வளர்ந்தது சென்னையில். நெல் மாதிரிதான், விளைவது இங்கே, அரைப்பது வேறெங்கோ.

இப்போது என் உண்மையான புகாருக்கு வருகிறேன்.

வலங்கைமான் 1997-க்கு முன் தஞ்சாவூர் மாவட்டம். திருவாரூர் மாவட்டம் வந்ததும் எங்களை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஆனால் எங்களுக்கு எல்லாமே கும்பகோணம்தான். ஆஸ்பத்திரி, துணிக்கடை, ரயில், பிள்ளைகள் படிக்கும் கல்லூரி, எல்லாம் பத்துக் கிலோமீட்டரில். ஆரம்பத்தில் திருச்சியில் அச்சாகி வரும் பேப்பரில் பழைய தஞ்சாவூர் ஜில்லா முழுக்க ஒரே பக்கத்தில் இருக்கும், ஒன்றும் பிரச்சினையில்லை. அப்புறம்தான் மாவட்டத்துக்கு ஒரு பக்கம் என்ற யுகம் வந்தது. தெலுங்கில் ஈநாடு இதைப் பெரிய அளவில் செய்து காட்டி, இந்தியா முழுக்கப் பரவிய பழக்கம் இது. நம் ஊர் சேதி அதிகமாக வரும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். வந்ததும் உண்மைதான், முன்பு கண்ணிலேயே படாத ஊர்ப் பேரெல்லாம் அச்சில் வந்தன. ஆனால் கும்பகோணம் காணாமல் போய்விட்டது! கும்பகோணத்தில் எந்தத் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்பது தஞ்சாவூர் பக்கத்தில் இருக்கும், என் கையில் இருப்பதோ திருவாரூர் பக்கம். அங்கே முத்துப்பேட்டையில் நடந்த ரத்ததான முகாம் இருக்கும். முத்துப்பேட்டைக்காரர்கள் மேல் கோபம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த ஊர் எனக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்.

இதைவிட மோசம் ஆற்று சேதி. குடமுருட்டி தஞ்சாவூர் மாவட்டத்தில் காவிரியைப் பிரிந்து எங்கள் ஊர் வழியாக வருகிறது. அரசலாறு கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டு வந்து காரைக்காலில் கடலில் சேர்கிறது, அது புதுச்சேரி, அதற்கு இன்னொரு பக்கம். 2020 டிசம்பரில் மயிலாடுதுறையும் தனி மாவட்டம் ஆனதால் பக்கம் மறுபடி துண்டானது. மேலே ஒரு மதகு அடைபட்டால் கீழே எனக்குத் தண்ணீர் வராது, அந்த மதகின் சேதி பக்கத்து மாவட்டப் பக்கத்தில் வரும், எனக்குத் தெரியாது. ஆறு எந்த எல்லையையும் பார்க்காமல் ஓடுகிறது, பேப்பர் கலெக்டர் ஆபீஸ் எல்லையில் நின்றுவிடுகிறது. பல வருடம் இதற்கு நான் கண்ட வழி, வாரம் ஒருமுறை கும்பகோணம் போகும்போது பஸ் ஸ்டாண்டில் அந்தப் பக்கத்துப் பதிப்பு ஒன்றை வாங்கி வருவது. கடைக்காரர் சிரிப்பார், "ஏற்கெனவே வீட்டுக்கு வருதுல்ல அண்ணே?" வருகிறது, ஆனால் அது வேற பேப்பர் தம்பி என்பேன்.

எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறோமோ அதற்கேற்ப சேதியின் அளவு மாறும் என்பதை 2016-ல்தான் நன்றாகப் புரிந்துகொண்டேன். அந்த செப்டம்பர் 5 அன்று, பத்து நாளைக்குக் காவிரியில் 15,000 கன அடி விடச் சொல்லி உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு உத்தரவு போட்டது, 12-ஆம் தேதி அதை 12,000 ஆகக் குறைத்தது, அன்றைக்கே பெங்களூரில் பஸ் எரிந்தது. என் மச்சான் அப்போது அங்கே வேலையில் இருந்தார், கன்னடம் சரளமாகப் படிப்பார். ராத்திரி போன் போட்டு அங்கத்திய கன்னடப் பேப்பர் பிரஜாவாணியில் என்ன வந்திருக்கிறது என்று சொல்வார், நான் இங்கே வந்ததைச் சொல்வேன். நாங்கள் மேட்டூர் 120 என்று பார்க்கிற மாதிரி அவர்கள் கேஆர்எஸ் (கிருஷ்ணராஜ சாகர்) அணை 124.80 அடி என்று பெட்டி போடுகிறார்கள். அங்கேயும் ஒரு விவசாயி வெடித்த வயலில் நின்று வானத்தைப் பார்க்கிறான். படத்தில் இருப்பது மண்டியாவா மன்னார்குடியா என்று பேரை மறைத்தால் சொல்ல முடியாது. இதில் ஆங்கிலப் பேப்பர் நடுநிலையாக இருக்கும் என்று நினைப்போம், இல்லையா? ஒரே பேப்பரின் பெங்களூர் பதிப்பில் முதல் பக்கத்தில் அந்த விவசாயி, எனக்கு வந்த பதிப்பில் இந்த விவசாயி. பொய் இரண்டிலும் இல்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் நாட்டில் எத்தனை பேர்? மச்சான் ஒருவர், நான் ஒருவன்.

ஆனாலும் ஆங்கிலப் பேப்பரை நிறுத்த மாட்டேன். காவிரி நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பில் 2007-ல் 419 டிஎம்சி, 2018-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் விட வேண்டியதை 177.25 ஆக்கியது, இந்த இரண்டு எண்ணும் ஒரே அளவுகோல் இல்லை, ஒன்று தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு, மற்றது எல்லையில் வந்து சேர வேண்டியது. இதை எனக்கு நிதானமாக விளக்கியது ஆங்கிலப் பேப்பர்தான். தமிழில் அன்றைக்கு எங்கும் கொந்தளிப்பு, பாதிப்பேர் 419-ஐயும் 177-ஐயும் நேராகக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2013-ல் இந்து தமிழ் வந்த பிறகு அந்த மாதிரி விளக்கக் கட்டுரைகள் தமிழிலும் கொஞ்சம் கிடைக்கின்றன.

கஜா புயல் அடித்தபோது கதை நேர்மாறு. 2018 நவம்பர் 16 விடியற்காலை. என் தங்கை வாழ்க்கைப்பட்டது முத்துப்பேட்டை பக்கம், தென்னந்தோப்பு. கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஆங்கிலப் பேப்பரில் முதல் இரண்டு நாள் பெரிய படம், ஒரு வாரத்தில் உள்பக்கத்துக்குப் போய்விட்டது. ஆனால் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேனே அதே திருவாரூர் பக்கம், ஊர் ஊராக எழுதியது: எந்த ரோட்டில் மரம் அகற்றியாயிற்று, எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம், எங்கே ஜெனரேட்டர் வைத்து போன் சார்ஜ் போடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்து பைக்கை எடுத்தேன். தென்னைக்கு மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் நிவாரணம் என்று வந்த அறிவிப்பைக் கிழித்துக்கொண்டுபோய்த் தங்கை வீட்டில் கொடுத்தேன். அவள் வீட்டுக்காரர் விழுந்து கிடந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார், பேப்பரை வாங்கி மடித்து பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

உள்ளூர் நிருபர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, வேறு தொழிலும் பார்த்துக்கொண்டு டூவீலரில் சுற்றுகிறவர்கள். சிலர் விளம்பரம் கேட்டே உயிரை எடுப்பார்கள், பொங்கல் மலர், தீபாவளி மலர், எம்எல்ஏ பிறந்தநாள் மலர். ஆனால் ஒரு வருடம் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுப் பதினோரு நாள் காத்துக் கிடந்தோம், மழை வேறு, மூட்டை முளைவிட ஆரம்பித்துவிட்டது. மனு கொடுத்தோம், நகரவில்லை. ஒரு நிருபர் வந்து படம் எடுத்துப்போனார், மறுநாள் எட்டு வரி. மத்தியானம் லாரி வந்தது. எட்டு வரிதான், அதுவும் கீழே மூலையில், மேலே நகைக்கடை விளம்பரம்.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு விளம்பரம் கொடுத்தபோது நடந்ததையும் மறக்க முடியவில்லை. எந்தப் பேப்பர் என்பது வேண்டாம். அப்பா படத்துக்குக் கீழே வேறு ஊர்க்காரர் ஒருவரின் பேர், அவர் படத்துக்குக் கீழே எங்கள் அப்பா பேர். அம்மா மூன்று நாள் அந்த ஆபீசைத் திட்டினார். மறுபடி இலவசமாகப் போட்டார்கள், இந்த முறை பேர் சரி, தேதி தப்பு. இப்போதும் அம்மா காலையில் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான், எல்லார் பேரும் எல்லார் படமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

நாட்டில் பதிவான பத்திரிகைகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அதில் எங்கள் ஊர் நூலகத்துக்கு வருபவை பத்துக்குள். விடுதலை, முரசொலி, தீக்கதிர், ஜனசக்தி என்று கட்சிகளும் இயக்கங்களும் நடத்தும் பேப்பர் எல்லாம் ஒரே மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மாலையில் அங்கே போய் உட்கார்ந்தால் ஒரே ஆர்ப்பாட்டம் ஒரு பேப்பரில் "மாபெரும்", இன்னொன்றில் ஒரு வரி, மற்றொன்றில் நடக்கவே இல்லை. கூலிப் போராட்டச் சேதி என்றால் நான் மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிரையும் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன், நிலம் வைத்திருப்பவன் இப்படிச் சொல்வது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

கொரோனா ஊரடங்கில் பேப்பரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று கிளப்பிவிட்டார்கள், டீக்கடையும் மூடியாயிற்று, பேப்பர் போடும் தம்பியிடம் பாதி வீட்டில் பேப்பரை நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் மகள் டேப்லெட்டில் மின்னிதழைக் காட்டினாள். காட்டிய உடனே நான் செய்தது என்ன தெரியுமா, மாவட்டம் தேர்வு செய்யும் இடத்தில் தஞ்சாவூரை அழுத்தினேன். கும்பகோணம் திரும்பி வந்துவிட்டது! இப்போது சேலம் பக்கம், கரூர் பக்கம், தஞ்சாவூர் பக்கம் என்று ஆறு வருகிற வழியிலேயே பக்கம் பக்கமாகக் கீழே இறங்கி வருகிறேன், தண்ணீர் வருகிற நாட்களில் இது ஒரு தனி சுகம். எழுத்து சின்னது, விரலால் பெரிதாக்கினால் வரி ஓடிவிடும், வாட்ஸப்பில் வருகிற திருட்டு பிடிஎப் இன்னும் மோசம். டீக்கடையில் ஒரு தாளை நாலாகப் பிரித்து நாலு பேர் படித்து, நடுவில் சண்டை போட்டுக்கொள்வதும் இதில் கிடையாது.

போன வாரம் பேப்பர் போடும் தம்பி கணக்குப் பார்க்க வந்தான். "அண்ணே, மின்னிதழும் கட்டுறீங்க, ஒண்ணைக் குறைச்சுக்கங்களேன்," என்று அவனே சொன்னான், நட்டம் அவனுக்குத்தான், இருந்தாலும் சொன்னான். எதைக் குறைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அம்மா, "என்னோடத நிறுத்தினா நீ கும்பகோணத்துலயே போயி இருந்துக்கடா," என்றார். மேட்டூர் திறக்கிற வரைக்கும் நாலும் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.