படைப்பை மேசைமீது வைத்துப் பேசும் கூட்டம்

ஓவியர், குயவர், நெசவாளர், மரவேலை செய்பவர் எனக் கையால் எதையேனும் உருவாக்கும் எவரும் வந்து அமரலாம் என்ற அழைப்புடன் மாதம் ஒருமுறை நடக்கும் கலந்துரையாடலில் ஆறு மாதங்களாகப் பங்கேற்று வருகிறேன். ஒருவரே பேசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வீடு திரும்பும் கூட்டங்களையே அதிகம் பார்த்திருந்ததால், பெரிய எதிர்பார்ப்பு இல்லாமல்தான் முதன்முறை சென்றேன். அங்குள்ள ஒரே விதி என் எண்ணத்தை மாற்றியது: கேள்வி எழுப்புகிறவர், அதற்குக் காரணமான தம் படைப்பையும் மேசைமீது வைக்க வேண்டும்.

இரண்டாவது அமர்வில் அச்சோவியர் ஒருவர் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்று, அவரே லினோலியத் தகட்டைச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுத்த பறவைப் படம். மற்றொன்று, அவருடைய படங்களை மாதிரியாகக் கொடுத்து, அவருக்குத் தெரிந்தவர் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் உருவாக்கியது. முதல் படத்தின் சிறகோரத்தில், உளி சறுக்கியதால் விழுந்த மெல்லிய வெள்ளைக் கீறல் ஒன்று இருந்தது. உளியே படாத இரண்டாவது படத்தில் அதே போன்ற கீறல்கள் சிறகெங்கும் வரிசையாக நின்றன. தன் கை தவறியதைக்கூடத் தன் பாணியென்று மென்பொருள் எடுத்துக்கொண்டுவிட்டதே, இனி தன்னுடையது என்று எதைச் சொல்வது என்று அவர் கேட்டார். வெகுநேரம் யாரும் பேசவில்லை.

நெறியாளரின் திறமை அப்போதுதான் தெரிந்தது. இத்தகைய மென்பொருள்களைப் பயிற்றுவிப்பதற்கென 2022-இல் வெளியான லயான்-5பி என்ற ஒரு தரவுத்தொகுப்பில் மட்டும் சுமார் 585 கோடி படங்களின் இணைப்புகள் விளக்கக் குறிப்புகளுடன் இருந்ததையும், மனிதப் படைப்பாளி இல்லாமல் இயந்திரமே உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்ததையும், பதிப்புரிமை ஒரு படத்தைக் காக்குமே தவிர பாணியைக் காக்காது என்பதையும் அவர் எடுத்துச் சொன்ன பிறகு, பேச்சு புலம்பலிலிருந்து விலகி உண்மையான விவாதமாயிற்று. நாம் எல்லோருமே பிறர் பாணியைப் பார்த்துத்தானே கற்றோம் என்றார் ஒரு குயவர். கற்றவர் குருவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்றார் அச்சோவியர். முடிவு எட்டப்படவில்லை, எட்டியதாக யாரும் பாவனை செய்யாததை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இடவசதியில் குறையில்லை. பணம் பற்றிய பேச்சு மட்டும் ஒவ்வொரு முறையும் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளப்படுவது எனக்கு வருத்தமளிக்கிறது. ஒரு படைப்பு மறுவிற்பனையாகும்போது அதன் விலையில் ஒரு பங்கு கலைஞருக்குச் சேர வேண்டும் என்று பிரான்ஸ் 1920-இலேயே சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001 ஆம் ஆண்டு நெறிமுறை மட்பாண்டக் கலையையும் சித்திர நெசவையும்கூட அதில் சேர்த்தது. அப்படியானால் தன் தறியில் நெய்த விரிப்பு மூன்று கை மாறினால் தனக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு நெசவாளர் ஆர்வத்துடன் தொடங்கியபோது, நேரமாகிவிட்டதென்று நாற்காலிகளை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆயினும், தனியறையில் வேலை செய்து பழகிய எவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரு படைப்பை முன்னிட்டு இரண்டு மணிநேரம் நேர்மையாகப் பேசும் இடம் வேறெங்கும் எனக்கு வாய்த்ததில்லை. புத்தகம் கட்டுவது என் தொழில். அடுத்த முறை, கையால் தைத்துத் தோலட்டை போட்ட குறிப்பேடு ஒன்றையும், அதற்குச் செலவான மணிநேரங்களை எழுதிய தாளையும் எடுத்துச்சென்று, முதல் ஆளாக மேசைமீது வைக்கப்போகிறேன்.