பிரிண்ட்கே, எஃப்டிரேஸ், லாஜிக் அனலைசர்: சீரியல் டிரைவரின் டைமிங் பிழையை எதை வைத்துப் பிடிப்பது?

லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில் ஒரு ஆர்எஸ்-485 டிரைவர் மென்பொருள். ஒரே கம்பி ஜோடியில் பல கருவிகள் மாறி மாறிப் பேசும் சீரியல் இணைப்புதான் ஆர்எஸ்-485. வேகம் 115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்), மேலே மோட்பஸ் ஆர்டியூ என்ற கேள்வி-பதில் நெறிமுறை. நூறு கேள்வி அனுப்பினால் ஒன்றிரண்டுக்குப் பதிலே வராது. அதுவும் போர்டு சும்மா இருக்கும்போதுதான் அதிகம். சிபியுவுக்கு வேலை கொடுத்தால் ஒழுங்காக ஓடும். மூன்று வழியிலும் தேடிப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு, வயர்களில் 0, 1 மாறும் நேரத்தைப் பதியும் கருவியான லாஜிக் அனலைசருக்கு.

கர்னலுக்குள்ளிருந்து செய்தி அச்சிடும் பிரிண்ட்கே பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு வரி சேர்த்தேன், பிழை காணாமல் போனது. எடுத்தேன், திரும்பி வந்தது. டைமிங் கோளாறுதான் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் செய்திகள் வெளியேறும் எங்கள் கன்சோலும் 115200-ல் ஓடும் இன்னொரு சீரியல் போர்ட்தான். ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட், சுமார் 87 மைக்ரோசெகண்ட். 60 எழுத்துள்ள வரி வெளியேற 5 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். நான் தேடிய தவறோ ஒரே எழுத்தின் நேரத்துக்குள் நடந்தது. எலி பிடிக்க மேளம் அடித்துக்கொண்டு போன கதைதான்.

கர்னலுக்குள் எது எப்போது நடந்தது என்று பதியும் எஃப்டிரேஸ் அப்படியில்லை. பதிவுகள் நினைவகத்தில் இருக்கும் ரிங் பஃபருக்குப் போவதால் கன்சோலுக்காகக் காத்திருப்பது கிடையாது. பதில் வராத நொடியில் டிரேஸை நிறுத்திவிட்டால் அதற்கு முன் நடந்ததெல்லாம் அப்படியே இருக்கும். இது ரொம்பப் பிடித்திருந்தது. யுஏஆர்டியிலிருந்து (சீரியல் சிப்) இன்டரப்ட், அதாவது 'கவனி' என்ற குறுக்கீடு, வந்த நேரம், டிரைவர் எனேபிள் பின்னை (லைனில் அனுப்புவதை இயக்கி அணைக்கும் பின்) இறக்கிய நேரம் இரண்டும் வரிசையாகக் கிடைத்தன. இரண்டுக்கும் நடுவே சில சமயம் 60 மைக்ரோசெகண்ட், சில சமயம் 200. பின்னை இறக்கும் வேலை, கர்னல் பிறகு செய்ய ஒதுக்கிவைக்கும் வரிசையான ஒர்க்கியூவுக்குப் போனதால் இந்த ஏற்ற இறக்கம். இப்போது யோசித்தால் விடை அங்கேயே இருந்தது. ஆனால் அன்று எனக்கு எல்லாம் சரியாகவே பட்டது: இன்டரப்ட் வந்தது, பின் இறங்கியது, வரிசை மாறவில்லை. டிரேஸ் காட்டுவது கர்னலின் நேரம். வயரில் கடைசி பிட் எப்போது போனது என்பது அதற்குத் தெரியாது.

அந்த ஒரு காரணத்துக்காகவே லாஜிக் அனலைசர். மூன்று சேனல் போதும்: டிரான்ஸ்மிட் வயர், டிரைவர் எனேபிள் பின், அப்புறம் சும்மா கிடந்த ஒரு ஜிபிஐஓ (மென்பொருள் ஏற்றி இறக்கக்கூடிய பொதுவான பின்). இன்டரப்டைக் கவனிக்கும் நிரல்பகுதியான ஹேண்ட்லருக்குள் நுழையும்போது இந்த ஜிபிஐஓவை ஏற்றி, வெளியே வரும்போது இறக்க இரண்டு வரி. பிராசசருக்குள்ளேயே இருக்கும் பின் என்றால் அது ஒரு ரெஜிஸ்டர் எழுத்து மட்டுமே, பிழை ஓடி ஒளியாது. ஐ2சி எக்ஸ்பாண்டரில் (மெதுவான இணைப்பு வழியே கூடுதல் பின்கள் தரும் தனி சிப்) இருக்கும் பின்னை எடுக்கவே கூடாது. இன்டரப்டுக்குள் அதைத் தொட முடியாது, தொடும் இடத்திலும் மெதுவாகத்தான் வரும். சாம்பிள் வேகத்தையும் உச்சத்தில் வைக்க வேண்டாம். ஒரு பிட்டுக்கு 8.7 மைக்ரோசெகண்ட் என்பதால் 4 மெகாஹெர்ட்ஸே தாராளம், நீண்ட நேரம் பதியலாம்.

முதல் தோல்வியிலேயே படம் கிடைத்தது. கடைசி பைட் இன்னும் போய்க்கொண்டிருக்க, நடுவிலேயே எனேபிள் பின் கீழே விழுகிறது. எங்கள் யுஏஆர்டி சிப் 16550 வகை. அனுப்பும் ஃபிஃபோ (பைட்டுகள் காத்திருக்கும் வரிசை) காலி என்று சொல்லும் பிட்டை நம்பி டிரைவர் மென்பொருள் பின்னை இறக்கியிருக்கிறது. ஃபிஃபோ காலியானாலும், பைட்டைப் பிட் பிட்டாக வயரில் தள்ளும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் ஒரு முழு பைட் மிச்சம் இருக்கும். அதுவும் போய்விட்டதா என்பதற்கு ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் தனி பிட் உண்டு. அதை யாரும் பார்க்கவில்லை. சிபியு பிஸியாக இருந்தால் ஒர்க்கியூ தாமதமாகி பைட் தப்பிக்கும், சும்மா இருந்தால் வெட்டுப்படும்.

இன்னொரு வேடிக்கையும் படத்தில்தான் பிடிபட்டது. வெட்டுப்பட்ட எல்லாக் கேள்வியும் தோற்கவில்லை. எனேபிள் பின் இறங்கி லைனில் அனுப்புவது அணைந்ததும், சும்மா இருக்கும் லைனை நிலையாக வைக்கும் பயாஸ் ரெசிஸ்டர்கள் அதை 1 நிலைக்கு இழுக்கின்றன. பைட்டின் சிறிய பிட் முதலில் போவதால் வெட்டுப்படுவது மேல் பிட்டுகள்தான். மோட்பஸில் கடைசி பைட், பிழை கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சியின் மேல் பாதி; அதில் வெட்டுப்பட்ட பிட்டுகள் 1 ஆகவே இருந்தால் எதிர்முனைக்கு வித்தியாசமே தெரியாது. டிரேஸை எத்தனை நாள் உருட்டியிருந்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது.

குறையும் உண்டு. லாஜிக் அனலைசர் 0, 1 மட்டுமே காட்டும். கேபிளில் எதிரொலி, டெர்மினேஷன் தகராறு என்றால் ஆஸிலோஸ்கோப்தான் வேண்டும். அதை நான் கையாண்டது இரண்டு மூன்று முறைதான், அதனால் அந்தப் பக்கம் என் பேச்சை நம்பி எதுவும் வாங்காதீர்கள். பின்களில் வயர் மாட்ட முடியாதபடி மூடிய பெட்டி என்றாலும் எஃப்டிரேஸைத் தவிர வழியில்லை. அப்போது 87 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைவிடச் சிறிய இடைவெளிகளைத் தேடுங்கள்.

டிரைவரைத் திருத்தியாயிற்று. ஜிபிஐஓவை ஏற்றி இறக்கும் அந்த இரண்டு வரிகளை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.