பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு 14 அங்குலமா, 16 அங்குலமா?

சேலத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் பலர், காரோடு வந்த சக்கரத்தையே தொடர்வதா, பெரிய அலாய் (உலோகக் கலவை) சக்கரத்துக்கு மாறுவதா என்று தயங்குகிறார்கள். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 185/60 ஆர்14 டயரையும் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 60%, சக்கரம் 14 அங்குலம்), அடுத்த தலைமுறையில் வந்த 205/45 ஆர்16 டயரையும் ஒப்பிடுகிறேன்.

பக்கச்சுவர்: 14-இல் 111 மி.மீ.; 16-இல் 92 மி.மீ.
மொத்த விட்டம்: 14-இல் 578 மி.மீ.; 16-இல் 591 மி.மீ. அதனால் வேகமானி 80 காட்டும்போது கார் ஏறத்தாழ 82-இல் ஓடும்.
செலவு: 14-க்கு டயர் மட்டும்; 16-க்கு நான்கு சக்கரங்களும் சேரும்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில், பக்கச்சுவர் குட்டையான 16 அங்குல டயர் ஸ்டியரிங் திருப்பியதும் உடனே பணிகிறது. ஆனால் மழைக்குப் பின் பெயர்ந்த தார் விளிம்பில் இறங்கினால், அடியை டயர் வாங்காமல் ரிம் வாங்கி வளைந்துவிடுகிறது. பழைய சஸ்பென்ஷன் புஷ்களும் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள்) கூடுதல் அதிர்வைத் தாங்க வேண்டியிருக்கிறது.

16-ஐப் பொருத்துமுன், இருவரை உட்காரவைத்து ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, ஃபெண்டரின் (சக்கரத்தின் மேல் வளைந்த தகடு) உள்மடிப்பில் டயர் உரசுகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

நல்ல நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுவோருக்கு 16 பொருந்தும். அடிக்கடி மலையேறுவோருக்கு 14-ஐயே பரிந்துரைப்பேன். அந்த அளவில் நல்ல டயர் கிடைக்காவிட்டால் 195/50 ஆர்15 சரியான மாற்று. அதன் விட்டம் 576 மி.மீ., வேகமானி பிசகாது. எதை வாங்கினாலும் பக்கச்சுவரின் நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத் தயாரிப்பு.